இருதயத் தசையில் விழும் தழும்பு

(எமது சங்கத்தின் பிரித்தானியக் கிளையின் வருடாந்த ஒன்றுகூடலில் பழைய மாணவிகள் இருவர் சேர்ந்து ஆற்றிய உரை)



உயர்தர உயிரியல் வகுப்பில் ஆட்டின் இருதயத்தை வெட்டிப் பார்த்தது உங்களிற் பலருக்கு நினைவிருக்கும். இடது இதயவறையிலிருந்து தொகுதிப் பெருநாடி புறப்படும் வாயிலில் பிறைவடிவான மூன்று சிறு மடல்கள் இருந்தன. படம் கீறி, ‘அரைமதி வால்வு’ என்று பெயர் குறித்தோம். இன்று எங்களில் ஒருவர் இருதய வைத்தியர், மற்றவர் எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுப்பவர். அந்த வால்வைப் பற்றியும், அதற்குப் பின்னால் நின்று பாடுபடும் தசையைப் பற்றியும் பேச வந்திருக்கிறோம்.

எங்களுக்குக் கணிதம் படிப்பித்த ரீச்சர் ஒருவர் ஓய்வுபெற்றபின் மகளோடு இங்கே வந்து தங்கினார். மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று யன்னலால் வெளியே பார்ப்பார். கேட்டால், “வயசு போட்டுது பிள்ளையள், வேறொண்டுமில்லை” என்பார். நாங்களும் நம்பினோம். ஒருநாள் மயங்கி விழுந்தபோதுதான் அவருடைய வால்வு மிகவும் ஒடுங்கியிருப்பது தெரியவந்தது. வால்வை மாற்றினார்கள். சத்திரசிகிச்சை நன்றாகவே நடந்தது. ஆனால் பழைய மூச்சு முழுதாகத் திரும்பவில்லை. புதிய வால்வு ஒழுங்காக வேலை செய்தும் ஏன் இப்படி? விடை தசையில் இருந்தது.

நல்ல நிலையில் இந்த வால்வு 3 முதல் 4 சதுர சென்ரிமீற்றர் வரை திறக்கும். வயதோடு கல்சியம் படிந்து மடல்கள் விறைத்துவிட்டால், அந்த வாயில் 1 சதுர சென்ரிமீற்றருக்கும் குறைந்துவிடலாம். அதனூடாக இரத்தத்தைத் தள்ள இதயவறைத் தசை தடிக்கிறது. தடித்த தசைக்குப் போதிய ஒட்சிசன் கிடைப்பதில்லை. முதலில் தசைக் கலங்களுக்கு இடையே நார் பரவலாகப் படிகிறது. பின்னர் கலங்களே இறந்து, அந்த இடத்தில் தழும்பு விழுகிறது. தழும்பு சுருங்காது, விரியாது, வேலை செய்யாது.

எகோ ஸ்கான் வால்வின் ஒடுக்கத்தை நன்றாகக் காட்டும். தழும்பை நேரே காட்டுவது எம்.ஆர்.ஐ. இதில் எக்ஸ்-கதிர் இல்லை. வலிமையான காந்தமும் வானொலி அலைகளுமே உண்டு. கையில் கடோலினியம் என்ற மருந்தை ஏற்றுகிறோம். அது கலங்களுக்குள் புகாது. கலங்களுக்கு வெளியே உள்ள இடைவெளியில் மாத்திரம் தங்கும். நல்ல தசையிலிருந்து விரைவில் கழுவப்பட்டுவிடும். தழும்பில் தேங்கி நிற்கும். ஏறக்குறைய 10 நிமிடங்களின் பின் படமெடுத்தால் நல்ல தசை கறுப்பாகவும் தழும்பு வெள்ளையாகவும் தெரியும். “மூச்சை அடக்குங்கோ” என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது படம் கலங்காமல் இருக்கவே.

பரவலாகப் படிந்த நார் இப்படி வெள்ளையாகத் தனித்துத் தெரியாது. மருந்து ஏற்றுமுன்னும் பின்னும் தசையின் காந்தத் தன்மையை அளந்து, இரத்தத்தில் செங்குழியங்கள் எத்தனை வீதம் என்பதையும் சேர்த்து, கலங்களுக்கு வெளியே உள்ள இடைவெளி எவ்வளவு எனக் கணிக்கிறோம். சுகதேகிகளில் அது ஏறக்குறைய 25 வீதம். நார் கூடினால் இதுவும் கூடும்.

இந்த அளவுகள் ஏன் முக்கியம்? பிரித்தானியாவில் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வொன்றில் கடுமையான வால்வு ஒடுக்கமுள்ள 674 பேரைப் பார்த்தார்கள். பாதிப்பேருக்குத் தழும்பு இருந்தது. தழும்பு 1 வீதம் கூடும்போது இறக்கும் அபாயம் 11 வீதம் கூடியது. அதே ஆண்டில் வந்த இன்னோர் ஆய்வு, வால்வு மாற்றி ஒரு வருடத்தின் பின் பரவிய நார் குறைவதையும், வெள்ளைத் தழும்பு அப்படியே நிற்பதையும் காட்டியது. எங்கள் ரீச்சரின் கதை அதுதான்.

அப்படியானால் தழும்பைக் கண்டவுடனே, அறிகுறிக்குக் காத்திராமல் வால்வை மாற்றலாமா? பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் 224 பேரில் இதைச் சோதித்து 2024இல் முடிவை வெளியிட்டார்கள். இறப்போ, இந்நோயினால் எதிர்பாராமல் வைத்தியசாலையில் சேர்வதோ, முன்கூட்டியே மாற்றியவர்களில் 18 வீதமாகவும் காத்திருந்தவர்களில் 23 வீதமாகவும் இருந்தது. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பதால் கேள்வி முடிந்துவிடவில்லை. ஆயினும் முன்கூட்டியே மாற்றியவர்களில் ஒரு வருடத்தின் பின் மூச்சுத்திணறல் முதலிய அறிகுறிகள் குறைவாக இருந்தன.

சகோதரிகளே, பெண்களாகிய எங்களுக்கு இன்னொன்றும் உண்டு. பெண்களின் வால்வு குறைந்த கல்சியத்துடனேயே கடுமையாக ஒடுங்கிவிடும். சீ.ரீ. ஸ்கானில் ஆண்களுக்கு 2000 என்று வைத்த எல்லை, பெண்களுக்கு 1200 மாத்திரமே. அதோடு, களைப்பை வயதின் மேல் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போகிறவர்களும் நாங்கள்தான்.

எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. தேவையில்லை. சிறுநீரகம் மிகவும் பழுதடைந்தவர்களுக்குக் கடோலினியம் கொடுக்குமுன் யோசிக்கவேண்டும். முதலில் வேண்டியது வைத்தியரின் ஸ்டெதஸ்கோப்பும், சந்தேகமிருந்தால் ஓர் எகோ ஸ்கானும்தான். படியில் மூச்சு வாங்கினால், நடக்கும்போது நெஞ்சு இறுகினால், தலைசுற்றி விழப்பார்த்தால் உடனே சொல்லுங்கள். அம்மாவிடமும் மாமியிடமும் கேளுங்கள். எங்களைப் படிப்பித்த ரீச்சர்மாரிடமும் கேளுங்கள். அவர்கள் பாதிப்படியில் நின்று யன்னலைப் பார்த்தால், நீங்களும் பக்கத்தில் நின்று ஒருமுறை கேளுங்கள். நாங்கள் அன்று கேட்டதோடு நின்றுவிட்டோம்.