கணக்குக் கேட்கும் உரிமை



கணக்கு என்றவுடன் உங்களிற் பலருக்குத் தேர்வுக்கூடம் நினைவுக்கு வரலாம். நான் இன்று பேச எடுத்துக்கொண்டது வேறொரு கணக்கு. மக்கள் செலுத்திய வரிப்பணம் எங்கே சென்றது, என்ன பயன் தந்தது என்று கேட்கும் கணக்கு அது.

இது மேல்நாட்டார் நமக்குக் கற்பித்த பழக்கம் என்று எண்ணிவிட வேண்டாம். உத்தரமேரூர்க் கோயிற் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்கு உரியவை. குடவோலை முறையில் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கூறுபவை. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவன் மீண்டும் அந்தப் பொறுப்புக்கு வர இயலாது. அவனுடைய நெருங்கிய உறவினருக்கும் அதே தடை. ஊர்ப்பணம் எத்தகையது என்பதை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர்.

இன்று அந்தக் கேள்வியைக் கேட்பவர் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர். அரசியல் சட்டத்தின் 148 முதல் 151 வரையுள்ள பிரிவுகள் அவரைப் பற்றியவை. உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்குவது எவ்வளவு அரிதோ, அவ்வளவு அரிது அவரை நீக்குவதும். 1949-இல் அரசியல் நிர்ணய சபையில் பேசிய டாக்டர் அம்பேத்கர், அரசியல் சட்டத்தில் மிக முக்கியமான அதிகாரி அநேகமாக இவரே என்று கருத்துரைத்தார். மாநிலக் கணக்குகள் பற்றிய அவருடைய அறிக்கை ஆளுநரிடம் செல்லும். ஆளுநர் அதைச் சட்டமன்றத்தின் முன் வைக்கச் செய்வார். பின்னர்ப் பொதுக் கணக்குக் குழு அதை ஆராயும்.

தணிக்கை நடைபெறும் விதத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். வடசென்னையில் எம்.கே.பி. நகர், அதாவது மகாகவி பாரதி நகர் இருக்கிறது. அப்பகுதியை ஒட்டிக் கேப்டன் காட்டன் கால்வாய் ஓடுகிறது. பெருமழை பெய்தால் தெருக்களில் நீர் தேங்கும். அங்கே மழைநீர் வடிகால் ஒன்று கட்டப்படுவதாக வைத்துக்கொள்வோம். தணிக்கையாளர் மூன்று கேள்விகள் கேட்பார். இதற்குச் சட்டமன்றம் பணம் ஒதுக்கியதா? ஒப்பந்தப்புள்ளி கோரியதிலும் பணம் கொடுத்ததிலும் விதி பின்பற்றப்பட்டதா? அளவுப் புத்தகத்தில் எழுதிய நீளமும் ஆழமும் தரையில் உள்ளனவா? இம்மூன்றுக்கும் சரியான விடை கிடைத்தாலும் வேலை முடிந்துவிடாது. மழை பெய்தபோது நீர் வடிந்ததா என்ற நான்காம் கேள்வி இருக்கிறது. ரசீது ஒவ்வொன்றும் ஒழுங்காக இருந்து, வடிகால் மட்டும் கால்வாயோடு சேராமல் பாதியில் நின்றால், காகிதத்தில் கணக்குச் சரி, வீட்டுக்குள் வெள்ளம். சிக்கனம், திறன், பயன் ஆகியவற்றை அளக்கும் செயல்திறன் தணிக்கை இதற்காகவே ஏற்பட்டது.

ஆயினும் ஒரு குறையை உங்களிடம் மறைக்க மாட்டேன். 2015 டிசம்பரில் சென்னையைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. அதன் மேலாண்மையை ஆராய்ந்த தணிக்கை அறிக்கை, அழிவுக்கு மனிதர் செய்கையும் காரணம் என்று கண்டது. அவ்வறிக்கை சட்டமன்றத்தின் முன் வைக்கப்பட்டது 2018 ஜூலையில். அதற்கிடையே இரண்டு மழைக்காலங்கள் வந்து போயின. மேலும், தணிக்கையாளர் குறையைச் சுட்டலாம்; தண்டிக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. அவர் எழுதியதைப் படிப்பாரும் கேட்பாரும் இல்லையேல், அது அலமாரியிற் கிடக்கும் காகிதமே.

இங்கேதான் உங்கள் பங்கு தொடங்குகிறது. தகவல் அறியும் உரிமைக்கெனச் சட்டம் இயற்றிய முதல் மாநிலம் தமிழ்நாடு, ஆண்டு 1997. நாடு முழுமைக்குமான சட்டம் 2005-இல் வந்தது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் எந்தக் குடிமகனும் விண்ணப்பிக்கலாம்; பொதுவாக முப்பது நாட்களுக்குள் விடை தரவேண்டும். வடசென்னை வளர்ச்சிக்காக மூன்றாண்டுகளில் ஆயிரம் கோடி ரூபாய் என்று 2023-24 நிதிநிலை அறிக்கை அறிவித்தது. இராயபுரத்திலோ எண்ணூரிலோ திருவொற்றியூரிலோ வாழும் மாணவர், தம் தெருவுக்கு அதில் என்ன வந்தது என்று கேட்பது குறும்பு அன்று, குடிமைக் கடமை.

கணக்குக் கேட்பதனால் நல்ல அதிகாரிக்கு இழுக்கு இல்லை. அவருடைய நேர்மைக்கு அதுவே சான்று. கேட்பவர் இருக்கிறார் என்று தெரிந்த இடத்தில் பணம் வழி தவறுவது அரிது. உத்தரமேரூர் மக்கள் கல்லில் எழுதி வைத்ததை நாம் நெஞ்சில் எழுதிக்கொள்வோம்.