இரு பக்கமும் கேட்கும் கதைகள்



தேசிய நூலக வார விழா ஆண்டுதோறும் நவம்பர் 14 அன்று, குழந்தைகள் தினத்தன்றுதான் தொடங்குகிறது. அந்தப் பொருத்தத்தை மனத்தில் வைத்து, குழந்தைப் பருவத்தையும் குடும்பத்தையும் நம் எழுத்தாளர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

சின்ன வயதுக் குறை ஒன்று இல்லாத மனிதர் இந்த அரங்கில் உண்டா? அண்ணனுக்கு வாங்கியதை எனக்கு வாங்கித் தரவில்லை. நாலு பேர் முன்னால் அப்பா கைநீட்டிவிட்டார். அம்மா எப்போதும் தங்கச்சி பக்கம்தான். தலை நரைத்த பிறகும், ஒரு கல்யாண வீட்டிலோ பாகப்பிரிவினையிலோ அந்தப் பழைய குறை தொண்டைக்கு வந்து நிற்கிறது. "இன்னுமா அதை நினைச்சிட்டிருக்க?" என்று கேட்பவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். ஆனால் மனசு மறப்பதில்லை.

நல்ல கதை, மற என்று நமக்குச் சொல்வதில்லை. அன்று குழந்தையின் கண்ணுக்கு எட்டாத பெரியவர்களின் பாடுகளை அது காட்டுகிறது. பெரியவர்களின் கவனத்துக்குத் தப்பிப்போன குழந்தையின் மனசையும் காட்டுகிறது. இந்த இரண்டும் தெரிந்தால்தான் பழைய காயத்தோடு ஒருவர் சமாதானமாக வாழ முடியும். இதுவே என் கட்சி.

கு. அழகிரிசாமியை எடுத்துக்கொள்ளுங்கள். 1923இல் கோவில்பட்டி பக்கத்து இடைசெவலில் பிறந்தவர். 1970இல் அவர் மறைந்த பிறகு சாகித்திய அகாதெமி விருது பெற்ற தொகுப்பின் பெயர் 'அன்பளிப்பு'. அதே பெயரில் ஒரு கதை. பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவர். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு அவர் மேல் கொள்ளைப் பிரியம். அவரும் அவர்களுக்குப் புத்தகங்கள் கொண்டுவந்து கொடுக்கிறார், விளையாடுகிறார். ஒருநாள் இரண்டு பிள்ளைகளுக்கு டைரி கொடுத்து, பெயர் எழுதி அன்பளிப்பு என்று கையெழுத்தும் போடுகிறார். சாரங்கன் என்ற பையனுக்கு மட்டும் கிடைக்கவில்லை. அவன் அழவில்லை, கேட்கவில்லை. தன் வீட்டுக்கு வரச் சொல்லி அவரை அழைக்கிறான். வந்தவரை உட்காரவைத்து உபசரித்து, தானே வாங்கி வைத்திருந்த ஒரு டைரியை எடுத்து நீட்டி, தனக்கு அன்பளிப்பு என்று அதில் எழுதித் தரச் சொல்கிறான்.

அந்தப் பெரியவர் கெட்டவரா? இல்லை. அத்தனை பிள்ளைகளையும் நேசித்தவர். அப்படியிருந்தும் ஒரு பிள்ளை விடுபட்டுப் போகிறான். அழகிரிசாமி அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. பையனின் வலியைச் சின்ன விஷயம் என்று ஒதுக்கவும் இல்லை. பெற்றோர்களே, உங்கள் வீட்டிலும் வாய்விட்டுக் கேட்காத ஒரு சாரங்கன் இருக்கக்கூடும்.

அவருடைய இன்னொரு கதை 'ராஜா வந்திருக்கிறார்'. ஏழை வீட்டுப் பிள்ளைகள். பணக்கார வீட்டுப் பையனின் பட்டுச் சட்டையோடு போட்டி போட முடியாதவர்கள். தீபாவளி நேரத்தில் ராஜா என்று பெயர் கொண்ட ஓர் அநாதைச் சிறுவன் அவர்கள் வாசலில் வந்து நிற்கிறான். சிரங்கு பிடித்த அவன் உடம்பை அந்தப் பிள்ளைகளின் அம்மா தாயம்மாள் தன் பிள்ளைபோலக் குளிப்பாட்டுகிறாள். கட்டத் துணி வேண்டுமே! தன் வீட்டுக்காரருக்கென்று எடுத்து வைத்த துண்டு ஒன்றுதான் மிச்சம். அவள் தயங்குகிறாள். அதைக் கொடுத்துவிடச் சொல்வது மகள் மங்கம்மாள். அந்தத் தயக்கத்தை ஆசிரியர் மறைக்காததால்தான் அவள் நமக்கு உண்மையான தாயாகத் தெரிகிறாள். வறுமையில் வளர்ந்த எத்தனையோ பேர், அம்மா நமக்கு எதுவும் செய்யவில்லை என்று நினைத்த நாட்களை இந்தக் கதையோடு சேர்த்துப் பார்க்கலாம்.

மூன்றாவதாக, 1966இல் வந்த தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' நாவல். அப்பு பதினாறு ஆண்டுகள் காவிரிக்கரை வேத பாடசாலையில் படித்துவிட்டுச் சென்னையில் உள்ள தன் வீட்டுக்குத் திரும்புகிறான். அலங்காரம் என்ற அவன் அம்மாவுக்கு இன்னொருவரோடு உறவு இருப்பது தெரிகிறது. அப்பாவுக்கும் அது தெரியும். வீடு அதைப் பேசாமல் சுமக்கிறது. தன்னைச் சின்ன வயதில் வேதம் படிக்க அனுப்பியதே அம்மா தேடிய பரிகாரம் என்று உணரும்போது, அவன் வாழ்ந்த குழந்தைப் பருவமே வேறு முகம் காட்டுகிறது. இந்த இடத்தில் சாதாரண எழுத்தாளர் அம்மாவைத் தண்டித்திருப்பார், இல்லையென்றால் கண்ணீரில் கழுவிப் புனிதமாக்கியிருப்பார். ஜானகிராமன் இரண்டையும் செய்யவில்லை. கம்பீரமும் ஆசையும் குற்ற உணர்வும் கொண்ட ஒரு முழுப் பெண்ணாக அவளை நிறுத்துகிறார். மகன் கோபப்படலாம், விலகிப் போகலாம். ஆனால் அவளுக்கென்று ஒரு வாழ்க்கை இருந்ததை இனி அவனால் மறுக்க முடியாது.

நண்பர்களே, இப்படிப் புரிந்துகொள்வதால் நடந்த தவறு சரியாகிவிடாது. அடித்த கை அடித்ததுதான். மன்னிப்பதும் மன்னிக்காததும் பட்டவரின் உரிமை. அதில் அடுத்தவர் புத்தி சொல்ல இடமில்லை. ஆனால் தனக்கு நேர்ந்ததை எல்லாப் பக்கமும் பார்த்துத் தெரிந்துகொண்டவன், தான் பட்டதைத் தன் பிள்ளையின் தலையில் இறக்கமாட்டான். கதை படிப்பதால் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும் பெரிய நன்மை இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆகவே மூன்று வேண்டுகோள். ஆசிரியர்களே, வாரம் ஒரு வகுப்பில், தேர்வுக்கு என்று இல்லாமல் ஒரு சிறுகதையை வாய்விட்டுப் படியுங்கள். பெற்றோர்களே, பிள்ளை ஒரு குறை சொன்னால், சமாதானம் சொல்லும் முன் கடைசிவரை காது கொடுங்கள். இளைஞர்களே, உங்கள் அம்மாவும் அப்பாவும் பத்து வயதில் எதற்கு ஆசைப்பட்டார்கள், எதற்குப் பயந்தார்கள் என்று இந்த வாரமே கேளுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.