சந்தேகம் கேட்க ஒரு வாசல்

(தருமபுரி மாவட்டக் காலனி ஒன்றின் மாலைநேரப் படிப்பகத்தில் மாணவர்களிடமும் பெற்றோரிடமும் பேசியதன் எழுத்து வடிவம்)



வெக்டர் இயற்கணிதம் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சாதி ஒழிப்பு பேசுகிற இடத்தில் கணக்கு எதற்கு என்று பின்னால் ஒரு அண்ணன் சிரிக்கிறார். காரணம் இருக்கிறதுண்ணா.

பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் ஆறாவது பாடம் அது. பிள்ளைகள் தடுக்கி விழுகிற இடம் வெக்டர் பெருக்கம். மூன்றை நான்கால் பெருக்கினாலும் நான்கை மூன்றால் பெருக்கினாலும் பன்னிரண்டுதான். இங்கே அப்படி இல்லை. இரண்டு வெக்டர்களை வரிசை மாற்றிப் பெருக்கினால் விடையின் திசை நேர் எதிராகத் திரும்பிவிடும். வலக்கை விரல்களை முதல் வெக்டரிலிருந்து இரண்டாவதை நோக்கி மடக்கினால் கட்டைவிரல் காட்டும் பக்கம்தான் விடையின் திசை. புத்தகத்தில் இது ஒரு படம், அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்து நம் கையைப் பிடித்துத் திருப்பிக் காட்ட ஒருவர் இருந்தால் அரை நிமிடத்தில் விளங்கும்.

எனக்கு அப்படி ஒருவர் இல்லை. கணக்கு வாத்தியார் ஊர்த்தெருவில் டியூஷன் எடுத்தார். ஊர்ப் பிள்ளைகள் கூடத்தில் இருப்பார்கள். காலனியிலிருந்து போன நாங்கள் இரண்டு பேர் திண்ணைக்குக் கீழே. டவுட் கேட்டால் வாயால் பதில் வரும். கையைத் தொட்டுச் சொல்லித் தர யாரும் இறங்கி வந்ததில்லை.

பம்பாய் எல்பின்ஸ்டன் பள்ளியில் அண்ணல் அம்பேத்கரை ஆசிரியர் கரும்பலகைக்கு அழைத்தபோது நடந்ததைத் தனஞ்செய் கீர் எழுதியிருக்கிறார். பலகைக்குப் பின்னால் இருந்த சாப்பாட்டுப் பாத்திரங்கள் தீட்டாகிவிடும் என்று சாதி இந்துப் பிள்ளைகள் ஓடிப்போய் அவற்றை அப்புறப்படுத்தினார்கள். கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது. பலகைக்குப் போகும் வழியில்தான் சாதி நின்றது.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காடு. நம் மாவட்டம் 68.5, மாநிலத்திலேயே கடைசி. அடுத்த ஆண்டு நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டியில் வீடுகளைக் கொளுத்தினார்கள். பீரோவுக்குள் இருந்த சான்றிதழ்களும் பாடப்புத்தகங்களும் சேர்ந்தே எரிந்தன. நாம் எதைச் சேர்த்து வைக்கிறோம் என்பது கொளுத்தியவர்களுக்குத் தெரியும்.

இனி புதிர்க் கணக்குகள். எட்டாம் வகுப்பில் மத்திய அரசின் வருவாய்வழித் திறன் உதவித்தொகைத் தேர்வு இருக்கிறது. அதில் மனத்திறன் பகுதியில் மட்டும் 90 கேள்விகள். தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். வட்ட மேசையில் யாருக்கு வலப்பக்கம் யார் என்று கேட்பான். யார் யாரோடு உட்காரலாம் என்பதில் நமக்கு இல்லாத அனுபவமா! ஆனாலும் பயிற்சி வேண்டும். அதை இன்று டவுனில் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

தருக்கவியலையும் நன்றாகப் படியுங்கள். "தகுதி இருந்தால் இடம் கிடைக்கும்" என்பது நாம் தினமும் கேட்கும் வாக்கியம். அது உண்மையானால், இடம் கிடைக்காதவருக்குத் தகுதி இல்லை என்றுதான் முடிவு வரும். அந்த முடிவோடு மல்லுக்கட்டாதீர்கள். முதல் வாக்கியத்தைச் சோதியுங்கள். தகுதி இருந்தும் இடம் கிடைக்காத ஒரே ஒருவரைக் காட்டினால் போதும், அது பொய்யாகிவிடும். அரியலூர் அனிதா 1200-க்கு 1176 வாங்கினார். மருத்துவ இடம் கிடைக்கவில்லை. 2017 செப்டம்பர் 1 அன்று நாம் அவரை இழந்தோம். இட ஒதுக்கீடு பற்றி வகுப்பில் யாராவது கிண்டல் செய்தால் இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போன பிள்ளைகளில் பன்னிரண்டு வரை கணக்கு படித்தவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். பண்டிகைக்கு வரும்போது ஒரு மாலை இங்கே வந்து உட்காரச் சொல்லுங்கள். விடை மறந்திருந்தாலும் பரவாயில்லை, சேர்ந்து போட்டுப் பார்க்கலாம். பெண் பிள்ளைகளை இருட்டுகிறது என்று ஏழு மணிக்கே கூப்பிட்டுக்கொள்ளாதீர்கள். திரும்பும்போது வீடுவரை விட்டுவர நாங்கள் ஆள் போட்டிருக்கிறோம். பரணில் பழைய பதினொன்று, பன்னிரண்டு கணக்குப் புத்தகம் கிடந்தால் சனிக்கிழமைக்குள் கொடுத்தனுப்புங்கள்.