ஓர் அறையும் சில வாசல்களும்



புனேக்கு வடக்கே, நாசிக் செல்லும் சாலையில் உள்ள சாகண், ஒரு காலத்தில் கோட்டைக்கும் வெங்காயச் சந்தைக்கும் பெயர் பெற்றிருந்த ஊர். இன்று அது மோட்டார்த் தொழிற்சாலைகளின் ஊர். பல மாநிலத்தவரும் பல மதத்தினரும் பிழைப்புத் தேடி அங்கே வந்திருக்கிறார்கள். ஆலைகள் பெருகிய வேகத்தில் வீடுகள் பெருகவில்லை. ஆகவே ஓர் அறையின் வாடகையைப் பலர் பங்கிட்டுக்கொள்கின்றனர்.

அறை என்பது எது? மொழிபெயர்ப்பாளனுக்குச் சொற்களின் வரையறையில் ஓர் அக்கறை உண்டு. நம் ஜனத்தொகைக் கணக்கின்படி, சுவரும் கூரையும் வாசலும் உடையதாய், 2 மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டர் அகலமும் 2 மீட்டர் உயரமும் குறையாதிருப்பது அறை. ஒருவர் படுத்துறங்கப் போதிய இடம், அவ்வளவே. 2011-ஆம் ஆண்டில் இந்தியக் குடும்பங்களில் நூற்றுக்கு 37 ஒரே அறையில் வாழ்ந்தன.

இந்த நெருக்கடி மதத்துக்கு மதம் வேறுபடுமா? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021-இல் எடுத்த கணக்கில், மக்களுள் நூற்றுக்கு 8 பேருக்குச் சற்று மேற்பட்டோர் நெருக்கடியான வீடுகளில் இருந்தனர். முஸ்லிம்களுள் ஏறக்குறைய 33 பேர். "அது அவர்கள் வழக்கம்" என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அதே கணக்கு, மக்களின் இடைவயது 40 என்றும் முஸ்லிம்களின் இடைவயது 27 என்றும் காட்டுகிறது. இளங்குடும்பங்களில் குழந்தைகள் மிகுதி, வருவாயோ குறைவு.

நம் நாட்டில் மற்றொரு காரணமும் உண்டு. முஸ்லிம்கள் விரும்பிய பகுதியில் வீடு வாங்கவும் வாடகைக்குப் பெறவும் படும் தொல்லையை 2006-இல் சச்சார் குழுவின் அறிக்கை எடுத்துரைத்தது. அதற்கு முந்திய ஆண்டில், அகமதாபாத்திலுள்ள பார்சி வீட்டுச் சங்கம் ஒன்று தன் மதத்தாரை மட்டுமே உறுப்பினராக்கும் விதியை உச்ச நீதிமன்றம் ஏற்றது. அரசு மத வேற்றுமை பாராட்டலாகாது என்கிறது அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவு. தனியார் வீட்டின் வாசலுக்கு அந்த விலக்கு செல்வதில்லை.

பத்து வாசல்களில் எட்டு அடைபட்டால், எஞ்சிய இரண்டில் கூட்டம் சேரும், வாடகையும் உயரும். பின்னர் அந்தக் கூட்டத்தையே காட்டி ஒன்பதாவது வாசலும் அடைபடும். ஆகவே நெருக்கடியை ஒரு மதத்தின் குணமாகக் கருதுவது, விளைவைக் காரணமாகக் கொள்வதேயாகும்.

ஆலை எழும் இடத்தில் தொழிலாளர் குடியிருப்பும் திட்டத்தில் இடம்பெற வேண்டும். அது அரசின் பொறுப்பு. ஆலை முதலாளிகளின் பொறுப்புமாகும். நம் பொறுப்பு சிறியது. வீடு கேட்டு வருபவரிடம், வாடகை தருவீர்களா, வீட்டைப் பேணுவீர்களா என்ற இரண்டு கேள்விகளோடு நிறுத்திக்கொள்வோம்.