அத்வைதமும் அலுமினிய டம்ளரும்
(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் செயலாளர் போன் பண்ணினார். "ஸார், ஞாயித்துக்கிழமை கீதை வகுப்பெல்லாம் நடத்தறீங்களாமே! அத்வைதம் பத்தி ஒரு இருபது நிமிஷம் பேசுங்களேன்" என்றார். பெருமையாகத்தான் இருந்தது. உடனே என் வகுப்புத் தோழன் ஒருவனிடம் சொன்னேன். அவன் இங்கே இரண்டாவது வரிசையில்தான் இருக்கிறான். "அத்வைதத்துக்கு எதுக்குடா இருபது நிமிஷம்? எல்லாம் ஒண்ணுன்னு சொல்லிட்டு உட்காந்துடு. மிச்ச நேரத்துல டிபன் போடச் சொல்லு" என்றான். யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னதில் ஒரு சின்னப் பிழைதான் உண்டு. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

"அத்வைதம்" என்றால் "ஒன்று" என்று அர்த்தமில்லை. "இரண்டில்லை" என்றுதான் அர்த்தம். என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பீர்கள். இந்த வித்தியாசத்துக்காகத்தான் மயிலாப்பூரில் நூற்றாண்டுக் கணக்காகச் சண்டை. 1967ல் நான் இங்கே சேர்ந்தபோது எங்கள் மெஸ்ஸில் தினமும் நடந்த சண்டையும் இதுவேதான். எங்கள் கோஷ்டியில் ஒருவன் சித்திரக்குளம் பக்கத்து வைஷ்ணவன். வேதாந்த தேசிகர் சந்நிதியில் புளியோதரை வாங்கித் தின்றே வளர்ந்தவன். இன்னொருவன் திருநெல்வேலிச் சைவப் பிள்ளை. நான் வடக்கு மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் பிறந்த ஸ்மார்த்தன். டே ஸ்காலர்தான், ஆனாலும் சண்டைக்காக மெஸ்ஸுக்குப் போவேன். வைஷ்ணவன் ராமானுஜரைக் கொண்டுவந்து நிறுத்துவான். உலகமும் உயிரும் பொய்யில்லை, பகவானுக்குச் சரீரம். உடலும் உயிரும் போலப் பிரிக்க முடியாத ஒன்று என்பான். பிள்ளை மெய்கண்டாரை எடுப்பான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பன்னிரண்டே சூத்திரத்தில் சிவஞான போதம் செய்தவர். "ஒன்றுன்னா ஒன்றுன்னே சொல்லிட்டுப் போயிருப்பாங்க. இரண்டில்லேன்னு ஏன் சொன்னாங்க? பிரிவில்லாம கலந்து நிக்குதுன்னு அர்த்தம்" என்று ரசத்தை உறிஞ்சிக்கொண்டே எங்கள் சங்கரரை மடக்கிவிடுவான். மூன்று கட்சிக்கும் கோயில், மடம், பாடசாலை எல்லாம் அரை மைல் சுற்றளவுக்குள். இந்தப் பக்கம் 1906ல் தொடங்கிய சம்ஸ்கிருதக் கல்லூரி, அந்தப் பக்கம் 1897லிருந்து சசி மகராஜ் என்கிற சுவாமி ராமகிருஷ்ணானந்தர் ஏற்றி வைத்த மடம், நடுவில் கபாலி. இப்படிப்பட்ட ஊரில் வேதாந்தம் படிக்காமல் இருப்பதுதான் கஷ்டம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் தத்துவப் பேராசிரியர் ஒரு நாள் வகுப்பில் கேட்டார். "நானும் நீயும் இரண்டில்லை என்றால், உன் பர்ஸை நான் எடுத்துக்கொண்டால் அது திருட்டா, இல்லையா?" எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. இந்தக் கேள்வி நம் ஊரில் ஏற்கெனவே ஒரு மாணவரைத் தூங்கவிடாமல் பண்ணியிருக்கிறது என்றார். அந்த மாணவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி அப்போது தாம்பரத்துக்குப் போகவில்லை, ஜார்ஜ் டவுன் பக்கத்தில் இருந்தது. உலகம் மாயை என்று சொல்கிற மதத்தில் ஒழுக்கத்துக்கு ஏது இடம் என்பது அங்கே பாதிரிமார் வைத்த விமரிசனம். அதற்குப் பதிலாகத்தான் வேதாந்தத்தின் அறநெறி பற்றி எம்.ஏ. படிப்புக்கு ஓர் ஆய்வுரை எழுதினார். 1908ல் அது புத்தகமாகவும் வந்தது. வயது இருபதுக்குள். பிற்பாடு ஜனாதிபதியாகி, ஓய்வு பெற்று, இதே மயிலாப்பூரில் வந்து தங்கி, 1975ல் காலமானார். நாமெல்லாம் அவர் பெயரால் ஆன சாலையில் டிராஃபிக்கில் நிற்கிறோம்.

பாதிரிமாரின் கேள்வி நியாயமான கேள்வி. அத்வைதிகள் அதற்குச் சொல்லும் பதில் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாரமார்த்திகம் என்று ஒரு நிலை, வியாவஹாரிகம் என்று ஒரு நிலை. பரம உண்மையில் பேதமில்லை. ஆனால் நடைமுறை உலகில் பசி பசிதான், திருட்டு திருட்டுதான், பாங்க் லோன் பாங்க் லோன்தான். நான் தி.நகர்க் கிளையில் பல வருஷம் லோன் செக்ஷனில் இருந்தவன். இந்த வியாவஹாரிகத்தை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் இருக்க முடியாது. பதில் தர்க்கரீதியாகச் சரியான பதில்தான். ஆனால் வீட்டில் சில அலமாரிகள் இருக்குமே, கண்ணில் படக்கூடாத சாமானையெல்லாம் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிடலாம் என்று, அந்த மாதிரி ஒரு அலமாரியாகவும் அது ஆகிவிடும். எனக்கு ஆயிற்று.

நான் படித்ததைக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன், தற்பெருமைக்காக அல்ல. தி.நகரில் வானதி பதிப்பகத்துக்கு நடந்து போய், ரா. கணபதி தொகுத்த "தெய்வத்தின் குரல்" ஏழு பகுதியும் வாங்கினேன். மடத்தில் அண்ணாவின் உரையோடு உபநிஷத்துகள். தாண்டவராய சுவாமிகளின் கைவல்ய நவநீதம் இரண்டு தரம். அப்புறம் "நான் யார்?". இந்தச் சின்னப் புத்தகம் எப்படி வந்தது தெரியுமா? 1901, 1902 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை என்கிற ரெவின்யூ இலாகா உத்தியோகஸ்தர், அவரும் தத்துவம் படித்த பட்டதாரிதான், திருவண்ணாமலை விரூபாக்ஷ குகைக்குப் போய் ரமணரிடம் கேள்வி கேட்டார். ரமணர் அப்போது பேசுவதில்லை, எழுதிக் காட்டினார். ஏறக்குறைய இருபது வருஷம் கழித்து, 1923ல்தான் அது அச்சானது. பட்டதாரிகளுக்கு நான் சொல்ல வருவது, கேள்வி கேட்டவருக்கு அவசரமே இல்லை.

டிசம்பர், ஜனவரியில் அடையாறு வசந்த விஹாருக்குப் போவேன். மரத்தடியில், சாயங்கால வேளையில் ஜே. கிருஷ்ணமூர்த்தி பேசுவார். 1909ல் இதே அடையாறு கடற்கரையில் பையனாகக் கண்டெடுத்து, உலக குருவாக வளர்க்கப்பட்டு, 1929ல் ஆலந்து தேசத்தில் அந்தச் சபையையே கலைத்துவிட்டு எழுந்து போனவர். அவரை அத்வைதி என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அவர்மேல் கோபம் வரும். ஒரு கேள்வி கேட்டால் பதிலே சொல்ல மாட்டார், "பாருங்கள், சும்மா பாருங்கள்" என்கிற பாணியிலேயே போவார். என்னத்தைப் பார்ப்பது என்று முணுமுணுத்துக்கொண்டே 21ஆம் நம்பர் பஸ் பிடிப்பேன். அவருடைய கடைசிப் பொதுக் கூட்டம் 1986 ஜனவரி 4ஆம் தேதி அங்கேதான் நடந்தது. நானும் இருந்தேன். நோட்டில் எட்டுப் பக்கம் எழுதிக்கொண்டேன். அடுத்த மாதம் அவர் போய்விட்டார். நோட்டு இருந்தது.

இப்போது டம்ளர் கதை.

1984ல் கோட்டூர்புரத்தில் தரைத்தளத்தில் ஒரு ஃப்ளாட் வாங்கிக் குடிபோனோம். மயிலாப்பூர் வீட்டிலிருந்து அம்மா எடுத்து வந்த சாமான்களில் ஓர் அலுமினிய டம்ளரும் ஒன்று. பின்பக்க ஜன்னல் விளிம்பில் கவிழ்த்து வைத்திருக்கும். வேலைக்கு வருகிற அம்மாவுக்குக் காபி அதில்தான். 1991லிருந்து ஒரே அம்மாதான் வருகிறார். ஆற்றோரக் குடியிருப்பில் வீடு. காபியை உயரத் தூக்கி ஊற்றுவோம், அவர் குடித்துவிட்டு அவரே கழுவிக் கவிழ்ப்பார். 1998ல் என் அம்மா காலமானார். டம்ளர் அங்கேயே இருந்தது. அதற்கப்புறம் அது அம்மாவின் ஆசாரம் இல்லை, என்னுடையதும் என் மனைவியுடையதும்தான்.

இதில் விசேஷம் என்னவென்றால், அதே வீட்டு ஹாலில்தான் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. ஒரு வருஷம் மனீஷா பஞ்சகம் எடுத்தேன். கதை தெரியும் அல்லவா? காசியில் சங்கரர் கங்கைக்குப் போகிற வழியில் எதிரே ஒரு சண்டாளர் வருகிறார். விலகிப் போ என்றதும் அவர் திருப்பிக் கேட்கிறார்: எதை விலகச் சொல்கிறாய், அன்னத்தால் ஆன இந்த உடம்பை இன்னோர் உடம்பிடமிருந்தா, அல்லது ஆத்மாவை ஆத்மாவிடமிருந்தா என்று. சங்கரர் அவரையே குரு என்று வணங்குகிறார். இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வகுப்பு முடிந்து உள்ளே போனேன். ஜன்னலில் டம்ளர் இருந்தது. அதைப் பார்த்து வெட்கப்பட்டேன் என்று சொன்னால் கதை நன்றாயிருக்கும். நான் பார்க்கவே இல்லை. மின்விசிறி, காலண்டர் மாதிரி அதுவும் ஒன்று. வசந்த விஹாரில் அந்த மனுஷர் தலைபாடாகச் சொன்னதும் இதைத்தான் என்று அப்போது தோன்றவில்லை.

அத்வைதம் படித்தவர்கள் எல்லோரும் என்னைப் போல என்று நினைத்துவிடாதீர்கள். நாராயண குருவும் அத்வைதிதான். 1888லேயே அருவிப்புறத்தில் தன் கையால் சிவப் பிரதிஷ்டை செய்து, இரண்டில்லை என்பதைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர். 1916ல் ரமணரைப் பார்க்கத் திருவண்ணாமலைக்கும் வந்திருக்கிறார். விவேகானந்தர் 1897ல் திரும்பி வந்து இங்கே ஐஸ் ஹவுஸில் ஒன்பது நாள் தங்கினாரே, அதற்கு முன்னாலேயே மானாமதுரையில் நன்றாகத் திட்டிவிட்டுத்தான் வந்தார். நம் மதம் சமையலறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது என்று. அந்தச் சொற்பொழிவையும் நான் வகுப்பில் வாசித்திருக்கிறேன், வைத்துக்கொள்ளுங்கள்.

2015 டிசம்பர் 1 ராத்திரி. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள் என்பதெல்லாம் பிறகு பேப்பரில் படித்தது. எங்களுக்குத் தெரிந்தது பாத்ரூம் வழியாகத் தண்ணீர் மேலே வந்ததுதான். கரண்ட் இல்லை, போன் இல்லை. இடுப்பளவு தண்ணீரில் யாரோ பையன்கள் எங்கள் இரண்டு பேரையும் பிடித்துக் கூட்டிப்போய் ஒரு கட்டடத்தின் மாடியில் சேர்த்தார்கள். அந்தப் பையன்கள் யார், என்ன என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை. மாடியில் நாற்பது, ஐம்பது பேர். விடிந்ததும் பார்த்தால் ஒரு மூலையில் எங்கள் வீட்டு அம்மா, மகள், பேரக்குழந்தை. அவர்கள் வீட்டில் கூரை மட்டத்துக்குத் தண்ணீர். ரேஷன் கார்டிலிருந்து தையல் மிஷின் வரை எல்லாம் போய்விட்டது.

மாடியில் ஒரே ஒரு வாட்டர் கேன், ஒரே ஒரு எவர்சில்வர் டம்ளர். கை மாறிக் கை மாறி வந்துகொண்டிருந்தது. எனக்கு நாக்கு வறண்டு மாத்திரை முழுங்க வேண்டும். அந்த அம்மா குழந்தைக்குக் குடிக்கக் கொடுத்துவிட்டு, தானும் வாய் வைத்துக் குடித்துவிட்டு, என்னைப் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "சார், அப்படியே குடிப்பீங்களா, இல்ல கழுவித் தரட்டா? கழுவத்தான் தண்ணி இல்ல."

"குடும்மா" என்று வாங்கிக் குடித்தேன். ஆனால் இங்கே பொய் சொல்லக்கூடாது. வாங்குகிறதுக்கு முன்னால் ஒரு விநாடி கை நின்றது. நாற்பத்தெட்டு வருஷம் படித்த மாண்டூக்யம், கைவல்யம் எல்லாம் கையில் வந்து சேர ஒரு விநாடி பிடித்தது. அந்த விநாடியை அவர் பார்த்தார். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

வெள்ளம் வடிந்து வீட்டுக்குப் போனால் முழங்கால் சேறு. ஏழு பகுதியும் ஊறிப் பலாப்பழம் மாதிரி உப்பியிருந்தன. கிருஷ்ணமூர்த்தி நோட்டு கூழாகிவிட்டது. டம்ளரைக் காணோம். நானே தூக்கி எறிந்தேன் என்று உங்களிடம் சொல்ல ஆசைதான். ஆறு எடுத்துக்கொண்டு போய்விட்டது, அவ்வளவுதான்.

அதற்கப்புறம் வீட்டில் எல்லோருக்கும் ஒரே செட் டம்ளர்தான். ஆனால் அவர் இன்றைக்கும் பின்பக்கக் கதவு ஓரமாகத்தான் உட்காருகிறார். தூக்கித்தான் குடிக்கிறார். டைனிங் டேபிளுக்கு வாருங்கள் என்றால், "எனக்கு இங்கதான் சார் காத்து வருது" என்கிறார். சில மாதம் முன்னால், இந்தப் பேச்சுக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு போய்ச் சொன்னேன்: "அம்மா, இருபத்து நாலு வருஷம் உங்களுக்குத் தனி டம்ளர் வச்சிருந்தோம். தப்புதான்." மன்னிப்புக்கு ஒரு நல்ல வேதாந்த வாக்கியம்கூட யோசித்து வைத்திருந்தேன்.

அவர் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "அது கை சுடும் சார்" என்றார். "அலுமினியம்ல. பொடவைத் தலப்புல சுத்தித்தான் பிடிப்பேன். ஒரு தபா பாதி காபிய கொட்டிட்டேன். அம்மா இருந்தப்போ. கேக்கவா முடியும்?"

தயார் பண்ணிய வாக்கியத்தை நான் சொல்லவில்லை.

செயலாளர் மணியைக் காட்டுகிறார். டிபன் தயாராகிவிட்டதாம்.