கினபாலு மலையில் மூன்று தலைமுறை



பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால், இம்முறை எங்கே போகலாம் என்ற பேச்சு நம் வீடுகளில் எழுவது வழக்கம். கடற்கரையா, மலையா, கேளிக்கைப் பூங்காவா என்று பிள்ளைகள் ஆளுக்கொன்றாகச் சொல்வார்கள். கடைசியில் ஓர் இடம் முடிவாகும். கூடவே, யாரும் வாய் திறந்து சொல்லாமலே இன்னொன்றும் முடிவாகிவிடும்: தாத்தாவும் பாட்டியும் வீட்டைப் பார்த்துக்கொள்வார்கள்! அவர்களால் நடக்க முடியாது, அவர்களுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது என்று காரணத்தையும் நாமே சொல்லிக்கொள்கிறோம். ஆனால், அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டோமா?

எங்கள் வீட்டிலும் பல ஆண்டுகள் இப்படித்தான் நடந்தது. ஒருமுறை, சபா மாநிலத்திலுள்ள கினபாலு பூங்காவுக்குப் போவதென்று முடிவானது. அப்போது அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அந்த மலையைக் கீழே நின்னு பார்த்தாப் போதும்யா. நாங்களும் வரலாமா?" அம்மாவும் அப்பாவும் பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பால்மரம் வெட்டியவர்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போன அந்தக் கால்கள், விடுமுறை என்று எங்கும் போனதில்லை. அம்மாவின் கேள்விக்குப் பிறகு அவர்களை விட்டுவிட்டுப் போக எங்களுக்கு மனம் வரவில்லை. அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, அவர்களுடைய பதினாறு வயது மகள், நாங்கள் இருவர், எங்கள் எட்டு வயது மகன் என்று மொத்தம் எட்டுப் பேர் புறப்பட்டோம்.

தீபகற்ப மலேசியாவிலிருந்து சபாவுக்குப் போகிறவர்கள் விமான நிலையத்தில் குடிநுழைவுச் சோதனையைக் கடக்க வேண்டும். மலேசியருக்கு அடையாள அட்டை போதும். கோத்தா கினபாலு நகரிலிருந்து பூங்காவின் தலைமையகம் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். வேனில் இரண்டு மணி நேரப் பயணம். பாதை வளைந்து வளைந்து ஏறும். வழியில் இருமுறை நிறுத்தி, தேநீர் குடித்து, அம்மாவின் தலைசுற்றல் அடங்கிய பிறகே மேலே போனோம். முதியவர்களோடு செல்லும்போது இரண்டு மணி நேரப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் ஒதுக்கிக்கொள்வது நல்லது.

கினபாலு பூங்கா 1964-ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. அதன் பரப்பு 754 சதுர கிலோமீட்டர். 2000-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதனை உலக மரபுடைமைத் தலமாக அறிவித்தது. மலையின் உயரம் 4,095 மீட்டர். நூறு மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 0.6 பாகை குறையும் என்பது பொதுவான கணக்கு. அந்தக் கணக்குப்படி, கடற்கரையில் வியர்த்துக்கொண்டிருக்கும் அதே வேளையில் உச்சியில் ஏறத்தாழ 25 பாகை குறைவாக இருக்கும். ஆகவே, ஒரே மலையில் பல நாட்டுக் காடுகளைக் காணலாம். அடிவாரத்தில் நம் நாட்டு வெப்பக் காடு. அதற்கு மேலே ஓக் இன மரங்கள். இன்னும் மேலே பாசி படர்ந்த குள்ள மரங்கள். உச்சியிலோ வெறுங் கருங்கல் பாறை. பூமிக்குள் உருகிய குழம்பு இறுகி உண்டான அந்தக் கருங்கல், பின்னர் மேலெழுந்து, காலப்போக்கில் மேல்மண் அரிக்கப்பட்டு வெளியே தெரிந்தது என்று நிலவியலார் கூறுவர்.

கடசான் டூசுன் மக்களுக்கு இது வெறும் மலையன்று. இறந்த முன்னோரின் ஆவிகள் உறையும் இடம் என்பது அவர்களுடைய நம்பிக்கை. எங்கள் வேன் ஓட்டுநர் இதைச் சொன்னதும், அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு மலையை நோக்கிக் கைகூப்பினார். அவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

மறுநாள் அண்ணனும் அவர் மகளும் உச்சிக்கு ஏறுவதாகத் திட்டம். இதற்கு அனுமதிச்சீட்டு வேண்டும். பதிவு பெற்ற மலை வழிகாட்டியும் உடன் வர வேண்டும். பல மாதங்களுக்கு முன்பே பணம் கட்டிப் பதிந்திருந்தார்கள். காலையில் பசியாறிவிட்டு, 1,866 மீட்டர் உயரத்திலுள்ள திம்போஹோன் வாயில் வரை நாங்கள் எல்லாரும் வண்டியில் சென்று அவர்களை வழியனுப்பினோம். அங்கிருந்து சுமார் 6 கிலோமீட்டர் ஏறினால் 3,272 மீட்டர் உயரத்தில் லாபான் ராத்தா விடுதி. அங்கே இரவு தங்கி, பின்னிரவு இரண்டு மணிக்கு மேல் புறப்பட்டு, விடியும் நேரத்தில் உச்சியை அடைவது வழக்கம்.

மற்றவர்கள் தலைமையகத்தை அடுத்துள்ள தாவரத் தோட்டத்துக்குப் போனோம். அங்கே பெரியோக் கெரா செடியைக் கண்டோம். மலாயில் அதற்குக் குரங்குப் பானை என்று பொருள். மண்ணில் கிடைக்காத சத்தை, இலை நுனியிலுள்ள குடுவையில் பூச்சிகளை விழவைத்து அந்தச் செடி தேடிக்கொள்கிறது. இந்த இனத்தில் மிகப் பெரிய குடுவை கொண்ட வகை கினபாலு வட்டாரத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. அணில் போன்ற மர மூஞ்சூறு, குடுவையின் மூடியிலுள்ள தேனை நக்க வந்து உட்காரும்போது அதற்குள்ளேயே எச்சமிடுகிறது. அந்த எச்சமே செடிக்கு எரு! எங்கள் மகன் விழுந்து விழுந்து சிரித்தான். குண்டூசித் தலையளவே உள்ள ஆர்க்கிட் பூவைப் பூதக்கண்ணாடி வழியே பார்த்த அப்பா, வெகுநேரம் அதைவிட்டு நகரவில்லை. அந்தச் சிறிய தோட்டத்தைச் சுற்றிவர எங்களுக்கு முழுப் பகல் பிடித்தது. அம்மாவின் முழங்கால் வலியால் மெல்ல நடந்ததால்தான் இத்தனையும் எங்கள் கண்ணில் பட்டன.

மாலையில் அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். குரலில் பதற்றம். மகளுக்குக் கடும் தலைவலி, இருமுறை வாந்தி. அந்த உயரத்தில் நாம் இழுக்கும் மூச்சில், கடல்மட்டத்தில் கிடைக்கும் உயிர்வாயுவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். உடல் அதற்குப் பழகுமுன் விரைந்து ஏறினால் இந்நோய் வரும். வயதோ உடல்வலிமையோ இதைத் தடுப்பதில்லை. இனி மேலே ஏறக்கூடாது, குறையாவிட்டால் உடனே இறங்க வேண்டும் என்று வழிகாட்டி சொல்லிவிட்டார். பிள்ளையோ, இரவுக்குள் சரியாகிவிடும், உச்சிக்குப் போயே தீருவேன் என்று அழுகிறாள். கட்டிய பணமும் அண்ணனின் மனத்தை இழுத்தது.

அப்பா தொலைபேசியை வாங்கினார். "தம்பி, பால்மரம் வெட்டுறவனுக்கு என்ன தெரியணும்? கத்தியை எங்க நிறுத்தணும்னு தெரியணும். பட்டையில ஒரு மயிரிழை மிச்சம் வைக்கணும். ஆசைப்பட்டு ஆழமா வெட்டினா, அன்னைக்குப் பால் கூட வரும். மரம் காயப்பட்டுப் போயிடும். அந்த மலையாளு சொல்றதைக் கேளு. பிள்ளை நல்லபடியா வரட்டும்."

அன்றிரவு எங்களில் யாரும் சரியாக உறங்கவில்லை. வழிகாட்டி இரவு முழுதும் அடிக்கடி வந்து பார்த்தார் என்றும், நள்ளிரவுக்குமேல் வலி குறைந்தது என்றும் பின்னர் அறிந்தோம். இந்த மலை வழிகாட்டிகளின் சொல்லை நாம் எளிதாக எண்ணலாகாது. 2015-ஆம் ஆண்டு சூன் 5-ஆம் நாள் நிலநடுக்கம் ஏற்பட்டு இம்மலையில் 18 பேர் உயிரிழந்தனர். அவர்களில் சிங்கப்பூர் மாணவர்களும் இருந்தனர், வழிகாட்டிகளும் இருந்தனர்.

மறுநாள் பிற்பகல் இருவரும் இறங்கி வந்தார்கள். தலைவலி நீங்கியிருந்தது, முகம்தான் வாடியிருந்தது. "எல்லாரும் மேலே போனாங்க பாட்டி, நான் மட்டும் தோத்துட்டேன்" என்று அம்மாவின் மடியில் முகம் புதைத்தாள். அப்போது அவளுக்கு ஒரு செய்தி சொன்னோம். கினபாலுவின் மிக உயர்ந்த சிகரத்துக்கு லோ சிகரம் என்று பெயர். 1851-ஆம் ஆண்டில் மலையேறிய ஹியூ லோ என்பவரின் பெயர் அது. ஆனால், அவர் அந்தச் சிகரத்தின்மேல் கால் வைத்ததே இல்லை! மேலேயுள்ள பாறைவெளி வரை சென்று திரும்பிவிட்டார். 1888-இல் ஜான் வைட்ஹெட் என்பவரே முதலில் அதன்மேல் ஏறினார்.

அதே ஹியூ லோ 1877-இல் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக வந்தார். அவ்வாண்டிலேயே கோலகங்சாரில் அவருடைய மாளிகைத் தோட்டத்தில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. நம் நாட்டின் ரப்பர் வரலாறு தொடங்கிய இடங்களுள் அதுவும் ஒன்று. இதைக் கேட்டதும் அப்பா வாய்விட்டுச் சிரித்தார். "அப்படின்னா, அந்த வெள்ளைக்காரர் வச்ச மரத்தோட வாரிசைத்தான் நானும் உன் பாட்டியும் வெட்டிக்கிட்டிருந்தோமா?" பேத்தியின் முகத்திலும் சிரிப்பு வந்தது. தாத்தா மரம் வெட்டிய கதையை அன்றுதான் அவள் முதன்முதலாக உட்கார்ந்து கேட்டாள். எத்தனை மரம், எத்தனை மணிக்கு எழுவீர்கள், மழை வந்தால் என்ன செய்வீர்கள் என்று அவள் கேட்கக் கேட்க, அப்பா நள்ளிரவு வரை பேசினார்.

கடைசி நாள், பூங்காவின் இன்னொரு பகுதியான போரிங் வெந்நீர் ஊற்றுக்குச் சென்றோம். கந்தகம் கலந்த அந்தச் சுடுநீரில் எட்டுப் பேரும் கால்களை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். மலையேறிய கால்களுக்கும், மலையைக் கீழே நின்று பார்த்த கால்களுக்கும் அது ஒன்றுபோலவே இதமாக இருந்தது.

நேயர்களே! அடுத்த விடுமுறைக்குத் திட்டமிடும்போது உங்கள் வீட்டு முதியவர்களையும் கேளுங்கள். அவர்களுடைய மருந்து, கம்பளிச் சட்டை, ஊன்றுகோல் ஆகியவற்றை மறவாதீர்கள். மலையேறுவோர் உடற்பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தலைவலியையும் வாந்தியையும் மறைக்காதீர்கள். மெல்ல நடப்பவரின் வேகத்துக்கு முழுக் குடும்பமும் ஒருநாளாவது நடந்து பாருங்கள். எங்கள் வீட்டுப் பெண் மீண்டும் கினபாலு ஏறப்போவதாகச் சொல்லியிருக்கிறாள். அடிவாரத்தில் காத்திருக்கத் தாத்தாவும் பாட்டியும் இப்போதே தயார்.