கப்பலைச் சுமக்கும் கப்பல்

இன்னைக்கு ஒரு கப்பலை இன்னொரு கப்பல் முதுகில் ஏத்திக் கொண்டுபோன கதை.

2000 அக்டோபர் 12. ஏமன் நாட்டு ஏடன் துறைமுகத்தில் எரிபொருள் நிரப்பிக்கொண்டிருந்த அமெரிக்கப் போர்க்கப்பல் யுஎஸ்எஸ் கோல் பக்கத்தில், வெடிமருந்து ஏற்றிய சின்னப் படகு ஒன்று வந்து வெடித்தது. 17 மாலுமிகள் இறந்துபோனாங்க. கப்பலின் இடது பக்கத்தில் சுமார் 40 அடிக்கு 60 அடி ஓட்டை. இதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோகணும். தானா ஓடாது. இந்த நிலைமையில அவ்வளவு தூரம் கயிறு கட்டி இழுத்துட்டுப் போறதும் நடக்காத காரியம்.

அப்போ கூப்பிட்டது ‘ப்ளூ மார்லின்’ என்ற நார்வே நிறுவனத்துக் கப்பலை. முன்னாடி மாலுமிகள் இருக்கும் கட்டடம், பின்னாடி இரண்டு கோபுரம், நடுவில் வெறும் தட்டைத் தளம். அடியில இருக்கிற பேலஸ்ட் தொட்டிகளில் கடல்நீரை நிரப்பினா தளம் தண்ணிக்குள்ள இறங்கிடும். சரக்கை மேல மிதக்கவிட்டு, சரியான இடத்தில் நிறுத்தி, தண்ணியை வெளியேத்தினா தளம் எழுந்து சரக்கைத் தாங்கிக்கும். கிரேனே வேண்டாம்!

கேட்க சுலபம். ஆனா கோல் கப்பலோட மூக்குக்கு அடியில சோனார் கருவியின் கூண்டு புடைச்சுக்கிட்டு இருக்கும், பின்னாடி புரொப்பெல்லர் தொங்கும். தட்டைத் தளத்துல அப்படியே உட்கார வைக்க முடியுமா? அடிப்பாகத்தின் வளைவுக்கு ஏத்த மாதிரி தாங்குகட்டைகளை முன்கூட்டியே தளத்தில் அடுக்கணும். மேல மிதக்குற கப்பல் கொஞ்சம் நகர்ந்தாலும் தப்பான இடத்துல பாரம் விழும். ஏற்கெனவே உடைஞ்ச கப்பல் வேற.

உண்மையான கண்டம் அந்தத் தளம் நீர்மட்டத்தைக் கடக்கும் நேரம்தான். ஒரு கப்பல் சாயாம நிக்கிறதுக்கு நீர்மட்டத்தில் அதுக்கு இருக்கிற பரப்பு முக்கியம். தளம் முழுகினதும் அந்தப் பரப்பு சட்டுனு குறைஞ்சுடும். முன்கட்டடமும் பின்கோபுரங்களும் மட்டும்தான் மிச்சம். பின்னாடி கோபுரம் வச்சதே அதுக்காகத்தான், அழகுக்கு இல்லை. 2006 டிசம்பர்ல அங்கோலாவின் லுவாண்டா பக்கம், துளையிடும் மேடை ஒன்றை இறக்கும்போது ‘மைட்டி சர்வன்ட் 3’ கடலடிக்கே போயிடுச்சு. நல்லவேளை, மாலுமிகள் எல்லாரும் தப்பிச்சாங்க. மறு வருஷம் கப்பலையும் தூக்கிட்டாங்க.

சரக்கு ஏறினதும் வேலை முடியாது. தளத்தோட சேர்த்து இரும்புத் தாங்கிகளை வெல்டிங் பண்ணணும். இங்க ஒரு வேடிக்கை: கப்பல் அளவுக்கு மீறி நிலையா இருந்தாலும் தொல்லை. அகலமான கப்பல் சாய்ஞ்சா வெடுக்குனு நிமிரும். அந்த வெட்டுல உயரமான சரக்கின் உச்சிதான் ஆடித் தீர்க்கும், வெல்டிங்கே விட்டுப்போகலாம். அதனால ‘அகலமா கட்டிட்டா போதும்’னு விட முடியாது. ஆனா அகலமும் தேவைப்படுது. 2004-ல் கொரியாவிலிருந்து டெக்சாஸுக்கு ‘தண்டர் ஹார்ஸ்’ எண்ணெய் மேடையைச் சுமக்க, இதே ப்ளூ மார்லினை 42 மீட்டரிலிருந்து 63 மீட்டருக்கு அகலப்படுத்தினாங்க. 2012-ல கட்டின ‘வேன்கார்ட்’ 70 மீட்டர் அகலம். மூக்கே கிடையாது, கட்டடத்தை வலது ஓரமாத் தள்ளி வச்சுட்டாங்க. சரக்கு முன்னாடியும் பின்னாடியும் நீட்டிக்கிட்டு இருக்கலாம்.

கோல் விஷயத்துக்கு வருவோம். சூயஸ் கால்வாய் வழியா போகாம, ஆப்பிரிக்காவைச் சுத்தி நன்னம்பிக்கை முனை வழியா ப்ளூ மார்லின் போச்சு. டிசம்பர் 13-ந் தேதி மிசிசிப்பியின் பாஸ்ககூலா போய்ச் சேர்ந்தது. பழுதுபார்த்து, 2002 ஏப்ரலில் கோல் தன் சொந்த எஞ்சினில் கிளம்பிப் போச்சு.